வெங்காய வேர்நுனி வழுக்கி: ஆறாவது சுற்றில் வந்த நிறமூர்த்தங்கள்

வெங்காய வேர்நுனியை நசுக்கி, பிரிகிற கலங்களை நுணுக்குக்காட்டியில் பார்க்கும் என் முயற்சியில் ஆறாவது சுற்றின் மூன்றாவது கண்ணாடி வழுக்கி. 40× பொருள்வில்லைக்குக் கீழே ஒரு கலத்தின் நடுவில் நிறமூர்த்தங்கள் (டி.என்.ஏ.யைத் தாங்கும் நூல்கள்) குறுக்காக வரிசைகட்டி நின்றன, வெட்டிப்போட்ட ஊதா நூல்துண்டுகள் மாதிரி. கலப்பிரிவில் இந்தக் கட்டம்தான் அனுவவத்தை. இரண்டு கலம் தள்ளி, அதே நூல்துண்டுகள் இரண்டு கூட்டமாகப் பிரிந்து எதிரெதிர் முனைக்குப் போய்க்கொண்டிருந்தன. அதற்கு அடுத்த கட்டம், மேன்முகவவத்தை. முந்தைய ஐந்து சுற்றிலும் கிடைத்தது கறுத்த திட்டுகளும், ஒன்றன்மேல் ஒன்று ஏறிய கலங்களும், ஒரு தடவை பச்சைநிறச் சேறும்தான். சாயத்தை மாற்றினேன், வெங்காயத்தை மாற்றினேன், வேர் வெட்டும் நேரத்தை மாற்றினேன். கோளாறு இருந்ததோ வேரை மென்மையாக்கும் அமிலத்தின் சூட்டில்.

இழையுருப்பிரிவு, அதாவது ஒரு கலம் தன்னைப்போன்ற இரண்டு கலங்களாகப் பிரிவது, சாதாரண தரத்திலும் வருகிறது, உயர்தரத்திலும் வருகிறது. பல பிள்ளைகள் அதைப் படத்தில் மட்டும் பார்த்து வரைந்துவிட்டுப் போகிறார்கள். பாடசாலை நுணுக்குக்காட்டி ஒன்று, வெங்காயம் ஒரு பிடி, பாமசியில் ஒரு சாயப் போத்தல், ஆய்வுகூடத்தில் கொஞ்சம் அமிலம் இருந்தால் தங்கள் கையாலேயே பார்க்கலாம். கொழும்பில் செய்கிறவர்களுக்கு எங்கெங்கே சறுக்கும் என்பதையும் சேர்த்து எழுதுகிறேன்.

முதல் சறுக்கல் வெங்காயத்திலேயே. புறக்கோட்டை நான்காம் குறுக்குத் தெருவில் வாங்கிய இறக்குமதிப் பெரிய வெங்காயம் ஐந்தைத் தண்ணீரில் வைத்தேன். ஐந்து நாளில் இரண்டுதான் வேர்விட்டது. மற்ற மூன்றும் அடியில் வழுவழுத்து நாறத் தொடங்கின. முளைக்காமலும் வேர்விடாமலும் நெடுநாள் கிடக்கவேண்டும் என்று பதப்படுத்திய வெங்காயமும் சந்தைக்கு வரும் என்பதால் பெரிய வெங்காயத்தை நம்பி நாள் குறிக்க முடியாது. வெள்ளவத்தைச் சந்தையில் வாங்கிய யாழ்ப்பாணச் சின்ன வெங்காயம் அப்படி ஏமாற்றவில்லை. பத்து வைத்தால் எட்டு ஒன்பது மூன்றாம் நாளே வேர்விட்டன. இரண்டும் ஒரே இனம்தான், இரண்டின் உடற்கலத்திலும் 16 நிறமூர்த்தங்கள்தான். ஆகவே பரிசோதனைக்கு ஒரு குறையும் இல்லை. சின்ன வெங்காயத்தின் வேர் கொஞ்சம் மெல்லியது. அது பின்னால் நசுக்கும்போது நன்மையாகவே முடிந்தது.

வைக்கும் விதம்: வெளித்தோலை உரித்து, அடித்தட்டில் காய்ந்து ஒட்டியிருக்கும் பழைய வேர்களைப் பிளேட்டால் மெதுவாகச் சுரண்டவேண்டும். சுரண்டுவதோடு நிறுத்துங்கள். ஒரு மில்லிமீற்றர் ஆழமாக வெட்டினாலே புது வேருக்கான முளைகள் போய்விடும், பிறகு எத்தனை நாள் காத்திருந்தாலும் பயனில்லை. கழுவிய யோகட் கப்பில் தண்ணீர் ஊற்றி, வெங்காயத்தின் பக்கங்களில் மூன்று பல்குத்தும் குச்சிகளைக் குத்தி, விளிம்பில் தொங்கவிடலாம். அடித்தட்டு தண்ணீரைத் தொட்டால் போதும், வெங்காயம் அதில் மூழ்கக்கூடாது. குழாய்த் தண்ணீரில் குளோரின் இருப்பதால் முதல்நாள் இரவே வாளியில் திறந்து வைத்துவிட்டேன். கொழும்புச் சூட்டில் தண்ணீரை நாளுக்கொரு தடவை மாற்றாவிட்டால் பற்றீரியா பெருகிக் கலங்கிவிடும், வேர்நுனி பழுப்பாகும். பழுப்பான நுனியில் பிரிகிற கலம் தேடவேண்டாம்.

உரித்த தோலை எறியுமுன் ஒரு பார்வை பார்க்கலாம். வெங்காயத் தோலுக்கடியில் கரித்தூள் மாதிரி இருப்பது பெரும்பாலும் அஸ்பர்ஜிலஸ் நைகர் என்ற பங்கசு. செலோடேப் துண்டை அதில் ஒற்றி எடுத்து, ஒரு துளி தண்ணீர் விட்ட வழுக்கியில் ஒட்டினால் 10× பொருள்வில்லையிலேயே காம்பின் உச்சியில் உருண்டைத் தலையும் அதைச் சுற்றி வித்திகளும் தெரியும். ஐந்து நிமிட வேலை. ஆனால் அந்த வெங்காயத்தை வேருக்கு வைக்காதீர்கள்.

வேர் 1 முதல் 2 சென்ரிமீற்றர் நீளும்போது வெட்டவேண்டும். முதல் சுற்றில் 5 சென்ரிமீற்றர் வரை வளரவிட்டேன். கூடுதல் வேர், கூடுதல் கலம் என்ற கணக்கு. கணக்குப் பிழை. கலங்கள் பிரிந்துகொண்டே இருக்கும் பிரியிழையம் இருப்பது நுனியின் கடைசி ஒன்றிரண்டு மில்லிமீற்றருக்குள் மட்டும்தான். நீண்டு முற்றிய வேரில் நுனி பல தடவை அடிபட்டும் இருக்கும். நல்ல நுனியை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் அடையாளம் தெரியும்: வேரின் மற்றப் பகுதி கண்ணாடி மாதிரி ஊடுகாட்ட, நுனி மட்டும் பால் கலந்த மாதிரி மங்கலாக, சற்றுக் கூராக இருக்கும்.

இன்னொன்று. நுனியிலிருந்து 1 சென்ரிமீற்றர் வெட்டி எடுத்தபின், அமிலத்திலும் கழுவலிலும் புரண்டு வந்த துண்டில் எது நுனி, எது வெட்டிய முனை என்று தெரியாமல் போகும். இரண்டாம் சுற்றில் ஒரு வழுக்கி முழுக்க நீண்ட செவ்வகக் கலங்களாக வந்ததற்கு அதுதான் காரணம். பிழையான முனையை நசுக்கியிருந்தேன். அதன்பிறகு வெட்டிய முனையைச் சாய்வாக வெட்டப் பழகினேன். சாய்வு எந்தப் பக்கமோ, அதற்கு எதிர்ப்பக்கம் நுனி.

எந்த நேரத்தில் வெட்டுவது? விடியற்காலை என்பார்கள் சிலர், நண்பகல் என்பார்கள் சிலர். மூன்றாம் சுற்று முழுவதும் இதிலேயே போனது. காலை 6.30, 9.30, நண்பகல் 12 மணி என்று மூன்று தொகுதி வெட்டினேன். மூன்றும் ஒரே மாதிரிக் கறுத்த திட்டாக வந்ததால் ஒப்பிடவே முடியவில்லை. அமிலப் படிநிலை சரியானபிறகு காலை 9 மணிக்கு வெட்டிய வேரில் வேண்டிய அளவு பிரிகை இருந்தது. அதற்கு மேல் நேரத்தைப் பற்றிக் கவலைப்படவில்லை.

வெட்டியதும் கலங்களை அந்தந்த நிலையிலேயே நிறுத்தவேண்டும். எதனோல் 3 பங்கு, பனிக்கட்டி அசற்றிக் அமிலம் (தண்ணீர் கலவாத செறிந்த அசற்றிக் அமிலம்) 1 பங்கு. பத்து வேருக்கு 3 மி.லீ. எதனோலும் 1 மி.லீ. அமிலமும் தாராளம். கலந்து வைத்தால் நாளடைவில் இரண்டும் தாக்கமுற்று எசுத்தராகும் என்பதால் அன்றன்றே கலக்கவேண்டும். வேரை 24 மணி நேரம் அதில் விட்டு, உடனே வேலை இல்லாவிட்டால் 70 வீத எதனோலுக்கு மாற்றிக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்கலாம். நான்காம் சுற்றில் அசற்றிக் அமிலம் கைவசம் இல்லாததால் பாமசி சேர்ஜிகல் ஸ்பிரிட்டில் மட்டும் ஊறவைத்தேன். வேர் காய்ந்த குச்சி மாதிரி விறைத்தது, கருவெல்லாம் சுருங்கிப்போயிருந்தது. மதுசாரம் தனியே செய்கிற வேலை அது. கலத்தை ஊதச்செய்து அந்தச் சுருக்கத்தைச் சமப்படுத்தத்தான் அசற்றிக் அமிலம். அது கிடைக்காவிட்டால் இந்தப் படிநிலையையே விட்டுவிட்டுப் பச்சை வேரை நேரே ஐதரோகுளோரிக் அமிலத்தில் போடலாம். தெளிவு குறையும், ஆனாலும் ஏதோ தெரியும்.

இனி அமிலம். 1 மோலர் ஐதரோகுளோரிக் அமிலம், 60 பாகை சதமம். 37 வீதச் செறிந்த அமிலம் ஏறத்தாழ 12 மோலர். அதிலிருந்து 4.2 மி.லீ. எடுத்து, முகவையில் முதலே ஊற்றிவைத்த 40 மி.லீ. தண்ணீருக்குள் மெதுவாக விட்டு, பிறகு 50 மி.லீ.க்கு நிரப்பினேன். அமிலம் தண்ணீருக்குள்தான் போகவேண்டும். செறிந்த அமிலத்துக்குள் தண்ணீர் ஊற்றக்கூடாது. கண்ணுக்குக் கண்ணாடி, யன்னல் திறப்பு, பக்கத்தில் ஒரு கிண்ணம் அப்பச்சோடா. மாணவர் செய்வதானால் ஐதாக்கிய அமிலத்தை மட்டும் கையில் கொடுங்கள்.

அமிலம் இரண்டு வேலை செய்கிறது. கலத்தையும் கலத்தையும் ஒட்டிவைத்திருக்கும் பெக்டின் படையைக் கரைக்கிறது. அதனால்தான் நுனி நசுக்கும்போது தனித்தனிக் கலமாகக் கழன்று பரவுகிறது. அத்தோடு குழியவுருவில், அதாவது கருவுக்கு வெளியே கலத்தை நிரப்பும் பொருளில், உள்ள ஆர்.என்.ஏ.யை உடைத்து நீக்குகிறது. அதனால் சாயம் குழியவுருவில் படியாமல் நிறமூர்த்தத்தில் மட்டும் நிற்கிறது. என் கறுத்த திட்டுகளுக்கு இரண்டுமே நடக்காததுதான் காரணம். முதல் நான்கு சுற்றிலும் அறை வெப்பநிலையில் 5 நிமிடம் வைத்தேன். அறை 30 பாகை. குளிர்நாட்டு ஆய்வுகூடத்தைவிடச் சூடுதானே, போதும் என்று எண்ணினேன். போதாது. 30 பாகையில் 5 நிமிடத்தில் 1 மோலர் அமிலம் வேரின் வெளிப்பக்கத்தைத்தான் தொடுகிறது. உள்ளே கலங்கள் கட்டியாகவே இருக்கும், நசுக்கினால் நான்கைந்து படையாக ஒன்றன்மேல் ஒன்று கிடக்கும். அதற்குச் சாயத்தைக் குறை சொல்லிப் பயனில்லை.

வீட்டில் நீர்த்தொட்டி இல்லாமல் 60 பாகையைப் பிடிக்க அகலவாய்ப் பிளாஸ்க் நன்றாக உதவியது. கொதிநீர் 500 மி.லீ., 28 பாகையிலுள்ள குழாய்நீர் 500 மி.லீ. கணக்குப்படி 64 பாகை வரவேண்டும். ஊற்றும்போதும் பிளாஸ்க் சுவரிலும் போவது போக வெப்பமானி 62 காட்டியது. 15 நிமிடத்துக்குப் பிறகு 60.5. அமிலம் 5 மி.லீ. உள்ள சோதனைக்குழாயை முதலே அதில் இறக்கி 5 நிமிடம் சூடாகவிட்டு, அதன்பிறகுதான் வேரைப் போடவேண்டும். குளிர்ந்த அமிலத்தோடு வேரையும் சேர்த்து இறக்கினால், நீங்கள் எண்ணிக்கொண்டிருக்கும் நிமிடங்களில் பாதி அமிலம் சூடேறுவதிலேயே போகும். சமையலறை அடுப்பில் நேரே சூடாக்கவே வேண்டாம். அமில ஆவி இரும்பையும் மூக்கையும் சேர்த்துக் கெடுக்கும்.

ஐந்தாம் சுற்றில் 60 பாகைக்குப் போனேன், ஆனால் பயத்தில் 15 நிமிடம் வைத்தேன். சாவணத்தால் தூக்கும்போதே நுனி கூழாகி அறுந்தது. சாயமும் வெளிறியே பிடித்தது. கூடுதல் நேரம் அமிலம் டி.என்.ஏ.யையும் அரித்துவிடும். ஆனாலும் அந்தக் கூழில்தான் முதல்முறையாக, ஒன்றோடொன்று ஒட்டாத தனிக்கலங்கள் மிதந்தன. கறுத்த திட்டின் இரகசியம் அங்கேதான் பிடிபட்டது. ஆறாம் சுற்றில் ஒரே வெங்காயத்தின் வேர்களை நான்காகப் பிரித்து 3, 6, 9, 12 நிமிடம் வைத்தேன். 3 நிமிட வேர் வளைத்தால் மீண்டும் நிமிர்ந்தது, பிரியவில்லை. 6 நிமிடத்தில் ஓரத்துக் கலங்கள் பிரிந்தன, நடு கட்டியாகவே நின்றது. 9 நிமிடத்தில் நுனி வெண்ணெய்ப் பதத்துக்கு வந்தது, ஆனால் சாவணத்தில் அறுந்து போகவில்லை. 12இல் மீண்டும் கூழ். இது சின்ன வெங்காயத்தின் மெல்லிய வேருக்கான கணக்கு. பருத்த வேருக்கு 9, 10, 11 என்று நீங்களே ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

பிறகு கழுவல். மூன்று கடிகாரக் கண்ணாடியில் தண்ணீர், ஒவ்வொன்றிலும் மூன்று நிமிடம். இதை அவசரப்படுத்தியதால் வந்ததுதான் இரண்டாம் சுற்றின் பச்சைச் சேறு. ஜென்ஷன் வயலட் சாதாரணமாக ஊதா. வலிய அமிலம் பட்டால் பச்சையாகி, இன்னும் கூடினால் மஞ்சளாகும். வழுக்கியில் விட்ட சாயம் வேரைச் சுற்றி மட்டும் பச்சையாக மாறுகிறதா, உள்ளே அமிலம் மிச்சம். மீண்டும் கழுவுங்கள்.

சாயத்துக்கு மூன்றைப் பார்த்தேன். மீன்தொட்டிக் கடையில் வாங்கிய மெதிலீன் நீலம் கன்னக்கலத்துக்கு அருமை, இங்கே குழியவுருவையும் நீலமாக்கிக் குழப்பியது. பாடசாலை ஆய்வுகூடங்களில் இருக்கும் அசற்றோகாமைன் மிக நல்லது. அதில் கிடக்கும் நுனியைத் துருப்பிடித்த இரும்பூசியால் குத்திப் பிரித்தால், ஊசியிலிருந்து வரும் சிறிதளவு இரும்பு சிவப்பைக் கடுமையாக்கும். அது கிடைக்காதவர்களுக்குப் பாமசியில் புண்ணுக்கு விற்கும் 0.5 வீத ஜென்ஷன் வயலட். அதையும் வெள்ளை வினாகிரியையும் சம அளவில் கலந்து 5 நிமிடம் விட்டேன். வினாகிரியின் மெல்லிய அமிலத்தில் சாயம் பச்சையாகாது. கையில் பட்டால் நான்கு நாள் போகாது, மேசையில் பட்டால் போகவே போகாது. கையுறையும் பழைய பத்திரிகையும் அவசியம்.

சாயம் பிடித்த வேரை வழுக்கியில் வைத்து, மிகக் கடுமையாக ஊறிய நுனியின் 1.5 மி.மீ. தவிர மீதியை வெட்டி எறியுங்கள். இது மனசுக்குக் கடினமான படிநிலை. இவ்வளவு பாடுபட்டு வளர்த்ததில் முக்கால்வாசியையும் எறியத் தோன்றாது. ஆனால் மீதி வேர் வழுக்கியில் இருந்தால் அதன் தடிப்பு கவர் சிலிப்பைத் தூக்கிப்பிடிக்கும், நுனி நசுங்காது.

நசுக்குவதற்குச் சரியான முறை கைக்கு வர ஆறு கவர் சிலிப் உடைந்தது. ஒரு துளி புதுச் சாயம், அதன்மேல் ஒரு விளிம்பிலிருந்து சாய்த்து இறக்கிய கவர் சிலிப். முதலில் பென்சிலின் அழிறப்பர் பக்கத்தால் நுனிக்கு நேர்மேலே இருபது தடவை மெதுவாகத் தட்டவேண்டும். ஒவ்வொரு தட்டுக்கும் ஊதாப் புள்ளி மேகம்போல விரிவது கண்ணுக்கே தெரியும். விரியாவிட்டால் அமிலம் போதவில்லை. பலம் போட்டு ஈடுசெய்ய முடியாது. அது 2 மி.மீ. புள்ளியிலிருந்து 6, 7 மி.மீ. மேகமானபிறகு, நான்காக மடித்த வடிதாளை மேலே வைத்து, கட்டைவிரலால் நேர்கீழாக ஒரே அழுத்து. அழுத்தும்போது கவர் சிலிப் அரை மில்லிமீற்றர் பக்கவாட்டில் நகர்ந்தாலும் கலங்கள் பாய் சுருட்டிய மாதிரி உருண்டுவிடும். மற்றக் கையின் இரண்டு விரலால் கவர் சிலிப்பின் ஓரத்தைப் பிடித்திருந்தால் நகராது. மேசை தட்டையாக இருக்கவேண்டும்; வழுக்கிக்குக் கீழே ஒரு மணல் துணிக்கை இருந்தாலே கண்ணாடி கீறும்.

பார்ப்பது 10×இல் தொடங்கட்டும். சதுரமான சிறு கலங்கள், கலத்தில் பாதியை அடைத்த கரு, இடைவெளி இல்லாத நெருக்கம்: அதுதான் இடம். நீண்ட செவ்வகக் கலங்களும் சிறிய கருவும் தெரிந்தால் நீட்சி வலயம், வழுக்கியை நகர்த்துங்கள். தட்டையான, ஒழுங்கற்ற, கரு வெளிறிய கலங்கள் வேர்மூடியைச் சேர்ந்தவை. பிறகு 40×. என்னிடமிருந்த பொருள்வில்லையில் 160/0.17 என்று பொறித்திருந்தது, அந்த 0.17, கவர் சிலிப்பின் தடிப்பு மில்லிமீற்றரில். மலிவான தடித்த கவர் சிலிப்பில் படம் மங்கியதற்கு அதுவே காரணம். சாயமிட்ட வழுக்கிக்கு ஒளித்துவாரத்தைக் கொஞ்சம் கூடவே திறக்கலாம். சாயமில்லாத கன்னக்கலத்துக்கு ஒடுக்குகிற மாதிரி ஒடுக்கினால் நிறமூர்த்தத்தின் விளிம்பில் கறுப்பு வளையம் விழுந்து விவரம் போகும்.

ஐந்து பார்வைப்புலத்தில் 600 கலங்களை எண்ணினேன். இடையவத்தை (இன்னும் பிரியத் தொடங்காதவை) 548, முன்னவத்தை (நூல்கள் தெரியத் தொடங்கியவை) 31, அனுவவத்தை 9, மேன்முகவவத்தை 5, ஈற்றவத்தை (இரு முனையிலும் புதுக் கரு உருவாகுபவை) 7. பிரிகிறவை 52, அதாவது 8.7 வீதம். ஓர் அவத்தை எவ்வளவு நேரம் நீடிக்கிறதோ அந்த அளவுக்கு அது வழுக்கியில் அகப்படும். மேன்முகவவத்தை குறைவாக இருப்பது உங்கள் பிழையல்ல, அது சீக்கிரம் முடிகிறது. மாணவர் ஒரு புலத்தை மட்டும் பார்த்துவிட்டு “இல்லை” என்று எழுந்துவிடக்கூடாது. முன்னவத்தையின் தொடக்கத்தை இடையவத்தையிலிருந்து பிரிப்பதில் இரண்டு பேர் எண்ணினால் இரண்டு தொகை வரும். நூல் தனித்தனியாகத் தெரிந்தால் மட்டுமே முன்னவத்தை என்று ஒரு விதியை எழுதிவைத்துவிட்டு எண்ணத் தொடங்குங்கள்.

செலவு: வழுக்கி 50 உள்ள பெட்டியும் கவர் சிலிப் 100உம் சேர்த்து ஏறத்தாழ 1,200 ரூபாய், ஜென்ஷன் வயலட் 200க்குள், வெங்காயம் கால் கிலோ, வினாகிரி வீட்டில் இருந்தது. பிளாஸ்க்கும் வெப்பமானியும் இருந்தவையே. அமிலங்களும் எதனோலும் ஆய்வுகூடத்திலிருந்து. மொத்தமே 30 மி.லீ. தாண்டாது. நல்ல வழுக்கிகளின் ஓரத்தில் நிறமற்ற நகப்பூச்சைப் பூசியதில் ஒரு கிழமை தாங்கின, அதன்பிறகு உள்ளே காற்று புகுந்து காய்ந்தன. வேலை முடிந்ததும் பொருள்வில்லையைத் துடைத்து, சிலிக்கா ஜெல் பொதியோடு காற்றுப்புகாப் பெட்டியில் வையுங்கள். கொழும்பின் ஈரத்தில் வில்லைக்குள் பங்கசு பிடித்தால் அதைக் கழற்றித் துடைப்பது வேறொரு பாடு.

இன்னும் கிடைக்காதது 16ஐயும் தனித்தனியாக எண்ணக்கூடிய ஒரு கலம். அனுவவத்தையில் நீண்ட நிறமூர்த்தங்கள் ஒன்றின்மேல் ஒன்று கிடப்பதால் 11, 12க்கு மேல் விரல் தடுமாறுகிறது. அடுத்த சுற்றில் வேர்களை வெட்டி நேரே நிலைநிறுத்தாமல், முதலில் 24 மணி நேரம் பனிக்கட்டித் தண்ணீரில் வைக்கப்போகிறேன். அந்தக் குளிரில் நிறமூர்த்தங்களை முனைகளுக்கு இழுக்கும் கதிர்நார்கள் குலைந்து, பிரிகிற கலங்கள் அனுவவத்தையிலேயே தேங்கும், நிறமூர்த்தங்களும் குட்டையாகிப் பரவும். வெங்காயத்தோடு உள்ளிப்பல்லையும் வைத்திருக்கிறேன். அதற்கும் 16தான், வேரும் இரண்டு நாளில் வந்துவிடுகிறது. அதே பிளாஸ்க்கில் இந்தத் தடவை ஐஸ்கட்டி. அது ஒரு நாள் தாங்காது, ஆறு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை மாற்றவேண்டியிருக்கும்.